சின்னையா வாங்கிய நாலு ஹெட் வீடியோ

சாயங்காலம் ஏழரை மணி இனிமேல் தன்னுடையது என்று சின்னையா முடிவு செய்துவிட்டார். முடிவு செய்தது குளியலறையில். பெரிய முடிவுகளை எல்லாம் அவர் அங்கேதான் எடுப்பார். வீட்டில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் கதவு அது ஒன்றுதான்.

முப்பத்திரண்டு வருஷம் ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்ற மனிதர். அவருக்குக் கீழே ஏழு பேர் வேலை பார்த்தார்கள். அவர் செருமினால் ஏழு பேரும் எழுந்து நிற்பார்கள். செந்தூல் அடுக்குமாடி வீட்டில் அவர் செருமினால், "இருமல் மருந்து மேசை மேல இருக்கு" என்று உள்ளேயிருந்து குரல் வரும். குரலுக்கு உரியவள் அவர் மனைவி பவுனம்மாள்.

சங்கதி இதுதான். தொண்ணூற்று ஏழாம் வருஷம் அது. ஆறு மாதத்துக்கு முன்னால் அந்த வீட்டுக்கு மாதச் சந்தா டிவி வந்தது. வெளிச்சுவரில் ஒரு தட்டு, உள்ளே ஒரு டிகோடர் பெட்டி, இருபது சேனல். சந்தா கட்டுபவர் சின்னையா. ரிமோட்டைக் கையில் வைத்திருப்பவள் பவுனம்மாள். இருபதில் அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, விளையாட்டுச் சேனலில் தினமும் ஏழரைக்கு வரும் மல்யுத்தம். அவளுக்கு வேண்டியதும் ஒன்றே ஒன்று, தமிழ்ச் சேனலில் தினமும் ஏழரைக்கு வரும் தொடர். ஏழரைச் சனி என்று பெரியவர்கள் சொல்லி வைத்தது வருஷக் கணக்கு இல்லை, மணிக் கணக்குதான் என்று சின்னையாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

மல்யுத்தம் என்றால் அவருக்கு உயிர். அது பொய்ச் சண்டை என்று யார் சொன்னாலும் அவர்களோடு பேச்சை நிறுத்திக்கொள்வார். அப்படிப் பேச்சு நின்றவர்களில் அவருடைய சொந்தத் தம்பியும் ஒருவர். மல்யுத்தத்தில் கெட்டவன் அடிப்பான், நடுவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார், நல்லவன் தரையில் கிடப்பான், அப்புறம் எழுந்துவிடுவான். அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷமும் அவர் முதல் மூன்றைத்தான் பார்த்தார். நல்லவன் எழுந்து நிற்பதைப் பார்க்க அவருக்கு இருந்த இடம் அது ஒன்றுதான். அதைப் பறிகொடுத்த பிறகு மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

நேருக்கு நேர் மோதினால் தோற்றுவிடுவோம் என்பது இருபத்தெட்டு வருஷ இல்லறம் கற்றுக் கொடுத்த பாடம். ஆகவே சூழ்ச்சியில் இறங்கினார். ஒரு வீடியோ ரெக்கார்டர் வாங்குவது, அவளுடைய தொடரை டேப்பில் பிடித்து வைப்பது, அவள் அதை மறுநாள் பார்த்துக்கொள்வது, அந்த ஏழரைக்கு இவர் மல்யுத்தம் பார்ப்பது. யாருக்கும் நஷ்டம் இல்லை. இப்படி ஒரு திட்டம் தான் அலுவலகத்தில் இருந்த காலத்தில் தோன்றியிருந்தால் இன்னும் இரண்டு படி மேலே போயிருக்கலாமே என்று அவருக்கு வருத்தம்கூட வந்தது.

அலுவலகப் பழக்கம் விடுமா? ஒரு கோப்பு திறந்தார். கடை கடையாக ஏறி இறங்கி விளம்பரத் தாள்களைச் சேர்த்தார். எதிர்வீட்டுத் தியாகராசாவிடம் ஆலோசனை கேட்டார். யாழ்ப்பாணத்து வழிவந்தவர், தொலைபேசி இலாகாவில் டெக்னீஷியனாக இருந்தவர், கேட்டால் மட்டும் பேசுகிறவர்.

"இஞ்ச பாரும் சின்னையா, ரெண்டு ஹெட் வாங்காதேயும். படத்தை நிப்பாட்டினா கோடு கோடா வரும். நாலு ஹெட்தான் சரி."

"ஹெட்னா?"

"தலை. டேப்பை வாசிக்கிற தலை."

"பிரம்மாவுக்கு இருக்கிற மாதிரி."

"ஓம். ஆனா இது தேயும்."

மறுநாள் காலை பசியாறும்போது சின்னையா மெல்ல ஆரம்பித்தார்.

"பவுனு, உனக்கு ஒரு வீடியோ ரெக்கார்டர் வாங்கலாம்னு இருக்கேன்."

தோசை திருப்பிக்கொண்டிருந்தவள் முகத்தைத் திருப்பவில்லை. "எனக்கா?"

"உனக்குத்தான். பாவம், சமைச்சது பாதி சமைக்காதது பாதியா ஏழரைக்கு ஓடி வந்து உக்காருற. டேப்புல பிடிச்சு வெச்சுட்டா மறுநாள் மத்தியானம் ரெண்டு மணிக்குச் சாவகாசமா காலை நீட்டிப் பார்க்கலாம். அந்த நேரம் டிவி உனக்கே உனக்கு."

"நான் முன்னால உக்காராட்டியும் அது பிடிச்சிக்குமா?"

"பிடிச்சிக்கும்."

"அப்ப ஏழரைக்கு நான் வீட்டுல இருக்கணும்னே இல்ல."

"இல்லவே இல்ல," என்றார் சின்னையா. இந்த இடத்தில் அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

"நல்லதா வாங்கணும் பவுனு. நாலு தலை உள்ளது."

"இந்த வீட்டுக்கு ஒரு தலை இருந்தே இந்தப் பாடு படுது. சரி, வாங்குங்க. நீளமான டேப்பா பாத்து வாங்குங்க. விளம்பரம் வரும்போது நிப்பாட்டுறதுக்கு ரிமோட்ல பட்டன் இருக்கணும்."

அவ்வளவுதான். மூன்று நாள் வாதாட வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தவருக்குத் தோசை ஆறுவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. கட்டிய பெண்டாட்டியை இப்படி ஏமாற்றுகிறோமே என்று கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. அதற்காக இன்னொரு தோசை வாங்கிச் சாப்பிட்டார்.

ஜாலான் ஈப்போ சாலையில் ஒரு சீனர் கடை. முதலாளி தவுக்கே கண்ணாடிப் பெட்டியிலிருந்து கருப்பு நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தார்.

"அங்கிள், இது புது மாடல் லா. நாலு ஹெட். பாகுஸ், நல்ல சாமான்."

சின்னையா கோப்பைத் திறந்தார். சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்திருந்த கேள்வியைக் கேட்டார். "ஒரு சேனலை ரெக்கார்ட் பண்ணிட்டு, அதே நேரம் இன்னொரு சேனல் பார்க்க முடியுமா?"

"போலே, அங்கிள். முடியும் லா. டிவி ஒன் ரெக்கார்ட், டிவி த்ரீ பாரு. நோ ப்ராப்ளம்."

மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் போலே. தவுக்கே பொய் சொல்லவில்லை. ஆன்டெனாவில் வரும் இலவசச் சேனல்களுக்கு அது சத்தியமான பேச்சு. வீட்டுச் சுவரில் ஒரு தட்டு தொங்குவதைச் சின்னையாதான் சொல்லாமல் விட்டார்.

திங்கட்கிழமை ஏழே கால். தியாகராசா வந்து கம்பிகளை மாட்டிவிட்டு, டேப் சுழல்வதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். சின்னையா நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அறைக்குள்ளிருந்து பவுனம்மாள் வந்தாள். கால்சட்டை, வெள்ளைப் பனியன், காலில் காலணி, தோளில் துண்டு. கல்யாண நாளிலிருந்து புடவையிலும் கைலியிலும் பார்த்த உருவம். சின்னையாவுக்கு ஒரு நிமிஷம் யாரோ வீடு மாறி வந்துவிட்டார்கள் என்று தோன்றியது.

"எங்க போற?"

"பாலாய்ராயா மண்டபத்துக்கு. செனாம்ரோபிக் சொல்லித் தராங்க. பாட்டுப் போட்டுக் கைகால் ஆட்டுறது. திங்கள் தொட்டு வெள்ளி வரைக்கும், ஏழரையிலேர்ந்து எட்டரை. கீழ லெட்சுமி காத்துக்கிட்டு நிக்கிறா. பிடிச்சு வெச்சிருங்க, என்ன?"

கதவு சாத்திக்கொண்டது. ஏழரைக்கு டிவி மட்டும் அல்ல, வீடே அவருடையது. தமிழ்ச் சேனலில் தொடர் தொடங்கியதும் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு டிகோடர் ரிமோட்டை எடுத்து விளையாட்டுச் சேனலுக்கு மாற்றினார். ஆறு மாதத்துக்குப் பிறகு நல்லவன் தரையில் கிடந்தான், எழுந்தான். சின்னையாவின் கண் கலங்கியது.

மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்குப் பவுனம்மாள் டேப்பைப் போட்டாள். பாராட்டை நேரில் வாங்கிக்கொள்ளலாம் என்று சின்னையாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். தொடரின் பெயர் வந்தது. மருமகள் காப்பித் தட்டோடு வந்தாள். படம் ஒரு துள்ளுத் துள்ளியது. ஜட்டி மட்டும் போட்ட ஒரு தடியன் இன்னொரு தடியன்மேல் விழுந்தான்.

பவுனம்மாள் பத்து நிமிஷம் பொறுமையாகப் பார்த்தாள். "இவன் யாருங்க? முந்தாநாள் வரைக்கும் கதையில இல்லையே."

"மிஷின் கோளாறு. தவுக்கேகிட்ட மாத்திக் கேக்கிறேன்."

"மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல. டிகோடர் பெட்டி ஒண்ணுதானே? ஒரு நேரத்துல ஒரு சேனல்தான் அதுலேர்ந்து வெளிய வரும். நீங்க பாக்குறது எதுவோ அதைத்தான் வீடியோ பிடிக்கும். தட்டு மாட்ட வந்தவருக்குத் தேத்தண்ணி குடுத்து அன்னிக்கே கேட்டுக்கிட்டேன்."

"தெரிஞ்சேவா வாங்கச் சொன்ன? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீங்க தலையைப் பத்தி மட்டும்தானே பேசுனீங்க."

சின்னையாவுக்குக் கோபம் வந்தது. எழுந்தார். செருமினார். அவள் மருந்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குரலை இறக்கி வேறொன்று சொன்னாள்.

"டாக்டர் மூணு தடவை சொல்லிட்டாருங்க, உடம்பை அசைக்கணும்னு. ரத்தத்துல இனிப்பு நீர் ஏறிக்கிட்டே போகுது. வேற நேரத்துல வகுப்பு இல்ல. தொடரை விடவும் மனசு வரல. எங்கம்மாவுக்குக் காலை எடுத்தாங்களே, அது கனவுல வருது. நீங்க ரெக்கார்டர்னு வாயைத் திறந்ததும் முருகனே வந்து சொன்ன மாதிரி இருந்துச்சு."

மாமியாரின் கால் சின்னையாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மருத்துவமனை நடையில் பவுனம்மாளைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். மூன்று தடவை டாக்டர் சொன்னதைத் தான் ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளவில்லையே என்று வெட்கமாகப் போய்விட்டது. அந்த ஒற்றைக் காலுக்கு முன்னால் உலகத்தில் எந்த மல்யுத்த வீரனும் நிற்க முடியாது. அவர் உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து ஏழரைக்கு அவர் தமிழ்ச் சேனலை வைத்துவிட்டு ரிமோட்டோடு காவல் இருந்தார். விளம்பரம் வந்தால் நிறுத்துவார், முடிந்தால் ஓடவிடுவார். மருமகள் அழுவாள், மாமியார் முறைப்பாள், இவர் கொட்டாவி விடுவார். எட்டே முக்காலுக்கு வேர்த்து விறுவிறுத்து வரும் பவுனம்மாள், "ஒண்ணும் விடலையே?" என்று கேட்பாள். இரண்டு வாரத்தில் அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. அதைப் பார்க்க அவருக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"பவுனு," என்றார் ஒருநாள் சாப்பிட்டு முடித்து, "எனக்கும் ஒரு வழி பண்ணேன். அந்த மல்யுத்தம்..."

"அதைத்தான் மறுநாள் மத்தியானம் திரும்பப் போடுறானே," என்றாள் பவுனம்மாள். "நிகழ்ச்சிப் புத்தகத்துலயே இருக்கு. ஆறு மாசமா தினமும் போடுறான்."

"ஆறு மாசமாவா? ஏன் சொல்லல?"

"நீங்க அப்ப நல்லாத் தூங்கிட்டு இருப்பீங்க. எழுப்புனா கோவம் வரும்."

சின்னையாவுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. ஆறு மாதம் போனால் போகட்டும். இன்னும் எத்தனையோ மத்தியானம் பாக்கி இருக்கிறது. "நாளையிலேர்ந்து தூக்கத்தை விட்டுர்றேன். எத்தனை மணிக்குப் போடுறான்?"

"ரெண்டு மணிக்கு," என்றாள் அவள். "வகுப்புக்கு வர்ற ஆறு பேரும் நாளையிலேர்ந்து டேப்பு பாக்க ரெண்டு மணிக்கு இங்கதான் வராங்க. நீங்க கதவைச் சாத்திக்கிட்டு உள்ள தூங்குங்க."