ஜீப்பைச் சுற்றிய அடர்த்தி

மலைவாழ் மக்களின் குடிநீர்த் துயரை விஞ்ஞான முறைப்படி துடைத்தெறியும் பொருட்டு, எண்பத்து மூன்றாம் வருஷம் ஜவ்வாது மலைக்கு ஒரு திட்டம் ஏறி வந்தது. திட்டத்தின் பெயர் புள்ளி அடர்த்தி வரைபடம். அது ஏறி வந்தது ஒரு பழைய ஜீப்பில்.

எங்க ஊர் மேல்சாமைக்காடு, புதூர்நாட்டுக்கும் மேலே. தண்ணிக்குப் பாறை இறங்கி ஊத்துக்குப் போகணும். பாசியில் ஏற்கெனவே ஒருமுறை வழுக்கி விழுந்த என் அண்ணி செந்தாமரை அப்போ முழுகாமல் இருந்தாள். அண்ணன் குடம் தூக்க மாட்டான், ஆம்பளையாம். அதனால் தூக்கினது நான். பத்தாவது ஃபெயிலானதற்கு எனக்குக் கிடைத்த உத்தியோகம் அது. ஊர் நடுவில் ஒரு கைப்பம்பு வந்தால் எனக்கு விடுதலை, அண்ணிக்கும் பயமில்லை.

ஜீப் கீழ் வளைவு வரைக்கும்தான் வரும். அங்கே என்ஜின் கொதித்துவிடும். டிரைவர் முனிசாமி ஹாரன் அடிப்பார். ஹாரன் கேட்டால் எங்க ஜனம் அடுப்பில் களியை அப்படியே விட்டுட்டு ஊரோடு இறங்கிடும். சந்தைக்குப் போகிற புளி மூட்டையை ஏத்த இடம் கிடைக்குமே! வந்தது யார், எதுக்கு என்பதெல்லாம் அப்புறம்.

அன்றைக்கும் இறங்கினோம். அலுவலர் பஞ்சாட்சரம் பானெட் மேல் வரைபடத்தை விரித்து, தலைக்கு ஒரு புள்ளி வைத்தார். எல்லாம் அந்த வளைவிலேயே.

"இன்னா சார் இது? வூடெல்லாம் மேல இருக்குது, புள்ளியை ரோட்டுல வைக்கிறீங்க?" என்றேன்.

"உன்னை நான் எங்கே பார்த்தேன்?"

"இங்கதான்."

"அப்போ நீ இங்கே இருக்கிறாய். பார்க்காத இடத்தில் புள்ளி வைப்பது மோசடி."

"மேல வந்து பாருங்களேன்."

"ஜீப் போகாத இடத்துக்குப் பயணப்படி கிடையாதும்மா."

என் ரப்பர் வளையலைக் கேட்டு வாங்கி, வரைபடத்தின் மேல் நகர்த்தி நகர்த்தி வைத்தார். வளையலுக்குள் எத்தனை புள்ளி விழுகிறதோ அதுதான் அந்த இடத்தின் அடர்த்தியாம். எங்க ஊர் மேல் வைத்தபோது உள்ளே ஒன்றுமில்லை. வளைவின் மேல் வைத்தபோது புள்ளி கொள்ளவில்லை. அங்கே சிவப்பு பூசினார். எங்க ஊருக்கு வெள்ளை: 'மனித நடமாட்டமற்ற பகுதி.' வளையல் திரும்பி வரவில்லை. அது அரசாங்க உபகரணமாகிவிட்டது.

பம்பு வந்தது, வளைவில். அங்கிருந்து குடத்தோடு ஏறுவதற்கு ஊத்தே தேவலை. அதை முறையாகப் பயன்படுத்தியது ஜீப்பின் ரேடியேட்டர் மட்டுமே.

மனு போட்டோம். பஞ்சாட்சரம் ஐயாவே மறு ஆய்வுக்கு வருவதாகப் பதில் வந்தது. அண்ணிக்கு அப்போ நிறைமாசம். நான் ஊரைக் கூட்டினேன்.

"ஹாரன் அடிச்சா ஒருத்தரும் இறங்கக் கூடாது. அவங்கவங்க வாசல்லயே நில்லுங்க. ஆள் வேணும்னா ஐயா மேல வந்துதானே ஆவணும்?"

"அதானே!" என்றார் நாட்டாமை சடையன். "இறங்குறவனை ஊரைவிட்டுத் தள்ளி வைப்போம்!"

ஹாரன் அடித்தது. ஊர் அசையவில்லை. மறுபடியும் அடித்தது. நாட்டாமை துண்டை உதறினார். "நான் இறங்கல. யாராச்சும் இறங்குறானான்னு பார்த்துட்டு வர்றேன்." அவரைத் தடுக்க அவர் பெண்டாட்டி மங்கம்மாள் ஓடினாள். அவளைப் பார்த்து மற்றவர்கள். போகிற போக்கில், கீழேதான் பம்பு இருக்கே என்று ஆளுக்கொரு குடம் வேறு. அண்ணன்கூட ஒன்றை எடுத்தான்.

"மானங்கெட்ட ஜனமே, திரும்பி வாங்க!" என்று கத்திக்கொண்டே நான் பின்னால் ஓடினேன்.

குடமும் கையுமாக நின்ற ஊரைக் கண்டு பஞ்சாட்சரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு ஜனம் திரளுகிற பம்பை நான் பார்த்ததே இல்லை. இரண்டாவது பம்பும் இங்கேதான்!"

"சார், எங்க அண்ணி மட்டும் சொன்ன சொல்லைக் காப்பாத்தி மேல வாசல்லயே நிக்குது. அந்த ஒரு புள்ளியாச்சும் அங்க வைங்க."

"அவங்களை நான் பார்க்கலையே," என்றவர் என்னைப் பார்த்தார். பார்த்து, வளைவின் மேலிருந்த வளையலுக்குள் கடைசிப் புள்ளியாக என்னை வைத்தார்.

அண்ணன் தன் குடத்தை ரொப்பி என் இடுப்பில் வைத்துவிட்டு, புளி மூட்டைக்கு ஜீப்பில் இடம் இருக்கிறதா என்று கேட்கப் போனான்.