பதினான்காம் பக்கத்துச் செம்பூ

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் வீட்டாரும், படம் தேர்ந்தெடுத்த நடுவர்கள் மூவரும், என் கையெழுத்தைப் படித்து அச்சுக்கோக்க நேரும் அந்த உதவியாசிரியரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க ஆண்டவனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நானும் என் கணவரும் நலம். இந்தக் கடிதம் தபால் பெட்டிக்குள் விழும்வரை அவர் நலமாகவே இருப்பார்.

இம்மாத இதழ் நேற்று முன்தினம் வந்தது. ‘ஆள் அரவமில்லா இயற்கை’ என்று தாங்கள் நடத்திய புகைப்படப் போட்டியில் என் கணவர் அனுப்பிய ஏரிப் படத்துக்கு முதல் பரிசு கொடுத்து, பதினான்காம் பக்கம் முழுவதையும் அதற்கே விட்டிருக்கிறீர்கள். எடுத்த நேரம் காலை 6.52 என்றுகூடக் கீழே போட்டிருக்கிறீர்கள். மிக நல்ல வழக்கம். அதற்கும் கீழே நடுவர் எழுதியிருப்பதை நான் ஒன்பது முறை படித்தேன். “மனிதக் காலடியே படாத அந்தத் தனிமையின் ஓரத்தில் இயற்கை தன் கையாலேயே வைத்த ஒற்றைச் செம்பூ, காற்றில் தலைசாய்த்து யாருக்கோ காத்திருக்கிறது” என்று எழுதியிருக்கிறார். அழகாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் ஐயா, அந்தச் செம்பூவுக்கு வயது அறுபத்தொன்று. இடது முழங்காலில் வலி உண்டு. தலைசாய்த்தது காற்றினால் அல்ல, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். யாருக்கோ காத்திருக்கவும் இல்லை, படகுக்குக் காத்திருந்தேன்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மற்றதெல்லாம் கையில் கிடைத்ததைப் படித்துக் கற்றதுதான். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் சீட்டைக்கூட இரண்டு பக்கமும் படிப்பேன். கேமராவோடு வந்த நூற்று எண்பத்தாறு பக்கப் புத்தகத்தை இந்த வீட்டில் முழுசாகப் படித்தவளும் நான்தான். அப்படித்தான் உங்கள் போட்டி விதிகளையும் படித்தேன். நான்காம் விதி: மனிதரோ, மனிதரின் எந்தப் பகுதியோ படத்தில் இருந்தால் பரிசு செல்லாது. நான் அந்தப் படத்தில் பகுதியாக அல்ல, முழுசாகவே இருக்கிறேன். இது தெரிந்த பிறகு இரண்டு நாளாக என்னால் நிம்மதியாகக் கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்ய முடியவில்லை. மூடினால் நான்காம் விதிதான் தெரிகிறது.

அந்த இடத்தில் எனக்கு என்ன வேலை என்று தாங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இத்தனை தாள். என் கணவர் முப்பத்துநாலு வருஷம் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவர். எந்த இடத்தைப் பார்த்தாலும் அது எத்தனை அடி என்று தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. வேலையில் இருந்தவரை தூரத்தில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு ஆள் கொடுத்திருந்தார்கள். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, சால்வை போர்த்தி, அந்த ஆளை மட்டும் அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எட்டு மாதம் இவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார், பேச்சும் இல்லை சிரிப்பும் இல்லை, மகள் பயந்துபோய் ஒரு கேமராவை வாங்கி அனுப்பினாள், மறுநாளே மனிதர் எழுந்து நின்றுவிட்டார். மலையை எடுக்கிறேன், அருவியை எடுக்கிறேன் என்று கிளம்பினார். எடுத்து வந்த முதல் படத்தைப் பார்த்துவிட்டு, “இந்த மலை எவ்ளோ பெரிசுன்னே தெரியலையே, பக்கத்துல ஒரு ஆள் நின்னா தெரியும்” என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து கோலும் நானே, கோல் பிடிக்கிற ஆளும் நானே.

தூரத்திலிருந்தும் கண்ணில் படவேண்டும் என்பதால் சிவப்பு நிறத்தில்தான் நிற்க வேண்டும். அதற்காகவே நான் ஒரு ஸ்வெட்டர் பின்னினேன். ஏழு மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு படத்தில் நின்றிருக்கிறேன், எல்லாவற்றுக்கும் நோட்டுப் போடுகிறவள் என்பதால் தேதி, நேரம், இடம், நின்றபடி ஆண்டவன் பெயரை எத்தனை முறை சொன்னேன் என்பது உட்பட எழுதி வைத்திருக்கிறேன். அருவிப் பாறையில் நின்று இரண்டு வாரம் சளி. புல்வெளியில் ஒரு மாடு என் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டது, விரட்டினாலும் போகவில்லை, படத்தைப் பார்த்துவிட்டு மாடு சரியான அளவில் இருக்கிறது, நீதான் சின்னதாகத் தெரிகிறாய் என்று இவர் குறைப்பட்டார். மலைமுகட்டில் நாற்பது நிமிஷம் அசையாமல் நின்றதில் என்னை அங்கே வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து மூன்று பேர் கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். நானும் வழி சொன்னேன், அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

இனி அந்த ஏரி. விடியும் முன்னே போய் இவர் மூன்று கால் தாங்கியை ஊன்றிவிட்டு, என்னைப் படகில் ஏற்றி எதிர்க்கரைக்கு அனுப்பினார். பாதி தூரம் போனதும் படகுக்காரர் கேட்டார்.

“அந்தக் கரையில யாரும்மா இருக்காங்க?”

“யாரும் இல்லப்பா. நான் போய் நிக்கணும்.”

“நின்னு?”

“நின்னுட்டுத் திரும்பி வரணும்.”

அவர் துடுப்பை நிறுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, “வீட்டுல ஏதாவது மனஸ்தாபமாம்மா?” என்றார். இல்லையப்பா, போட்டோ என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. என்னை இறக்கிவிட்ட பிறகும் தூரமாகப் போகாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார், தங்கமான மனிதர், அவருக்காகவும் அன்றைக்கு வேண்டிக்கொண்டேன்.

கரையில் இறங்கினால் இவர் அந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டுகிறார். வேலையில் இருந்தபோது பழகிய சைகை, வலது கையை நீட்டினால் வலப்பக்கம் போக வேண்டும். ஆனால் அவருக்கு வலமா, எனக்கு வலமா என்பதைக் கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் நாங்கள் பேசி முடிவு செய்யவே இல்லை. நான் என் வலப்பக்கம் போனேன், சேறு. அவர் இரண்டு கையையும் ஆட்டினார், இன்னும் போ என்கிறார் போலிருக்கிறது என்று போனேன், முழங்கால் வரை சேறு. காலை உருவினால் கால் வந்தது, செருப்பு வரவில்லை. ஒருவழியாக அவர் சொன்ன செடிக்குப் பக்கத்தில் போய் நின்றேன், அந்தச் செடி முழுக்க எறும்பு. எறும்பைத் தட்டுவதும் குனிந்து சேற்றில் செருப்பைத் துழாவுவதுமாக நான் இருக்க, மூடுபனி வருவதும் போவதுமாக இருக்க, எதிரே அவர் துண்டை எடுத்து வீச, அதுதான் திரும்பி வா என்பதற்கு அடையாளம் என்று படகுக்காரர் என்னை ஏற்றிக்கொண்டார். இக்கரைக்கு வந்து பார்த்தால் இவர் ஏரிக்கு முதுகைக் காட்டிப் பாறையில் உட்கார்ந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். வெள்ளரிக்காய்க்குக் கொண்டுபோயிருந்த உப்பைக் கொடுத்துவிட்டு, அவர் முடிக்கும்வரை கேமராவுக்குத் துணையாக நான் நின்றேன். செருப்பு ஒன்றுதான் வந்தது. இதுதான் ஐயா, மனிதக் காலடியே படாத அந்தக் கரையின் கதை. என் காலடி அங்கே ஒரு முழம் ஆழத்துக்குப் பதிந்திருக்கிறது, தங்கள் நடுவர் போனால் செருப்போடு பார்க்கலாம்.

பரிசுச் செய்தி வந்ததிலிருந்து என் கணவர் தரையில் நடக்கவில்லை. வெற்றியாளரின் முகம் தெளிவாகத் தெரியும் புகைப்படம் ஒன்று அடுத்த இதழில் போடத் தேவை என்று தாங்கள் எழுதியிருந்தீர்கள் அல்லவா, அதற்காகத் தலைக்குச் சாயம் போட்டு, புதுச்சட்டை வாங்கி, ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்து, உங்களுக்கு அனுப்பும் முன் பெரிதாக ஒன்று போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டியும் விட்டார். எட்டு மாதம் அவர் வெறித்துப் பார்த்த அதே சுவர். இந்த நிலையில்தான் நான் பதினான்காம் பக்கத்தை விரித்துவைத்து, “என்னங்க, இது நான்” என்றேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து பார்த்தார். பூ என்றார். நான் என்றேன். நானே பின்னிய ஸ்வெட்டர் எனக்குத் தெரியாதா என்றேன். மறுபடி பார்த்தார், முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, பார்த்தால் பூ மாதிரிதானே இருக்கிறது, நடுவரே பூ என்கிறார், நாம் ஏன் மறுத்துப் பேசவேண்டும் என்று ஆரம்பித்தார். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

“இந்தா பாரு, அது நீதான்னு எனக்கும் உனக்கும் ஆண்டவனுக்கும் மட்டும்தான் தெரியும்” என்றார்.

“அந்த மூணாவது ஆள்தாங்க பிரச்சினை” என்றேன்.

மகளும் போனில் அழைத்து, “விடும்மா, அப்பா இப்பத்தான் சிரிக்க ஆரம்பிச்சிருக்காரு” என்றாள். அவள் சொன்னது என்னை ஆட்டித்தான் வைத்தது. அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாரோ என்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டேன். ஆனாலும் பொய்யான பரிசைச் சுவரில் மாட்டிவைத்துக்கொண்டு, அதற்கு எதிரிலேயே நான் எப்படிக் கண்ணை மூடி உட்காருவது. ஆகவே தயவுசெய்து பரிசைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அடுத்தபடியாக வந்தவருக்குக் கொடுத்துவிடுங்கள். செய்ததில் என் கணவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, விதிகளைப் படிக்காதது ஒன்றுதான் குற்றம். அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை, சின்ன எழுத்திலாவது, எங்காவது போட்டால் நன்றி மறவேன். சான்றுக்காக அன்றைய நோட்டுப் பக்கத்தை அப்படியே நகலெடுத்துக் கடைசியில் சேர்க்கிறேன். நோட்டு பரண்மேல் பயணப் பையில் இருக்கிறது, அவர் வெளியிலிருந்து வந்ததும் ஏறி எடுத்துத் தருவார், என்மேல் கோபம் இருந்தாலும் பரணுக்கு அவர்தான்.

தங்கள் பத்திரிகை மாதம் தவறாமல் வந்துகொண்டே இருக்கவும், தங்கள் நடுவருக்கு இதைப் படித்து மனம் நோகாதிருக்கவும், அந்தப் படகுக்காரர் குடும்பம் தழைக்கவும் எல்லாம் வல்லவன் அருள்புரியட்டும்.

உண்மையை மறைக்கத் தெரியாத,
பதினான்காம் பக்கத்துச் சிவப்புப் புள்ளி

பி.கு.: நோட்டு கிடைத்துவிட்டது. ஐயா, மேலே எழுதியதையெல்லாம் தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

நோட்டின்படி நான் எதிர்க்கரையில் செருப்பைத் தேடியது 6.31-க்கு. இக்கரைக்கு வந்து இறங்கியது 6.48-க்கு. நீங்கள் அச்சிட்ட படமோ 6.52. கணினியில் 6.31-க்கு அவர் எடுத்த படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். 6.31 படத்தில் இரண்டு சிவப்பு, 6.52 படத்தில் ஒரே சிவப்பு. போனது நான், நின்றது பூ. அந்தச் செடி பூத்திருந்ததை எறும்புத் தொல்லையில் நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை. என் கணவர் முதலில் சொன்னதுதான் சரி. தங்கள் நடுவர் சொன்னதும் சரி, பூ காற்றில்தான் தலைசாய்த்திருக்கிறது. அவரிடம் என் மன்னிப்பைச் சொல்லவும். பரிசு செல்லும்.

ஆனால் 6.52-க்கு நேராக என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: “மூன்றாவது அட்டை. வெளிச்சம் போச்சே, வெளிச்சம் போச்சே என்று முதுகைக் காட்டிக்கொண்டு புலம்புகிறார். புலம்பல் நிற்கட்டும் என்று கேமராப் புத்தகத்தில் 41-ஆம் பக்கத்தில் சொன்னபடி சக்கரத்தை ஒரு கட்டம் திருப்பி நானே ஒருமுறை பொத்தானை அழுத்தினேன். கேட்காமல் தொட்டதற்கு ஆண்டவன் மன்னிக்க.” அழுத்தியதே எனக்கு மறந்துபோயிருந்தது, அன்றைக்கு எனக்குச் செருப்புப் போனதுதான் பெரிசாக இருந்தது. அவரும் கேமராவில் இருந்தது எல்லாம் தான் எடுத்தது என்றே நினைத்திருக்கிறார். ஆகவே பரிசு அப்படியே இருக்கட்டும், பெயரை மட்டும் மாற்றவேண்டும்.

இதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். நோட்டை வாங்கி இரண்டு முறை படித்தார். சுவரில் மாட்டிய தன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய் அதைக் கழற்றி வைத்துவிட்டு, கேமராவை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“எழுந்து வா. ஜெயிச்சவங்க போட்டோ கேட்டிருக்காங்கல்ல” என்றார்.

நானூற்றுப் பன்னிரண்டு படத்தில் ஒன்றில்கூட எனக்கு முகம் இல்லை, இதிலாவது இருக்கட்டும் என்று முகத்தைக் கழுவி, தலையைச் சீவி, வாசற்படியில் போய் நின்றேன். அவர் பார்த்தார், கொஞ்சம் பின்னால் போனார். படி முழுசாக வரவில்லை என்று இன்னும் கொஞ்சம் போனார். வீடு முழுசாக வரட்டும் என்று தெருவுக்குப் போனார். எதிர்வீட்டு மாடி வரைக்கும் போனார். அங்கிருந்து கையை நீட்டினார், நானும் நகர்ந்தேன்.

அந்தப் படத்தையே இத்துடன் வைத்திருக்கிறேன். வாசலில் மூன்றாவது பூந்தொட்டிக்கு வலப்பக்கம், சிவப்பாகத் தெரிவது நான். அவருக்கு வலம் அல்ல, எனக்கு வலமும் அல்ல, படத்தைப் பார்க்கும் தங்களுக்கு வலம்.