குதிரைக் கால்

குடியிருப்பின் லிஃப்ட் படுத்துவிட்டது. கால்நடைக் கல்லூரியின் அருங்காட்சியகக் காப்பாளர் அன்றைக்கே ஒரு சபதம் எடுத்தார். தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு நாலாவது மாடி வீட்டுக்கு ஏறப்போவது அவரில்லை, மனைவிதான்.

ஆயுதம் கைவசம் இருந்தது. தவளை முதல் யானை வரை கால் தசைகளை ஒப்பிட்டு அவர் ஒரு காட்சி அடுக்கிக்கொண்டிருந்தார். வீட்டிலும் சாப்பாட்டோடு அதே பிரசங்கம்தான். மனைவி தையல்காரி. பொத்தான் தைத்துக்கொண்டே கேட்பாள், கேட்காத மாதிரியும் இருப்பாள்.

"உன் டேப்பைக் கொஞ்சம் குடு."

"எதுக்கு?"

"ஆராய்ச்சி. காலை நீட்டு."

அவள் கெண்டைக்காலை அளந்தார். தன்னுடையதையும் அளந்தார், டேப்பைச் சற்றே இறுக்கி.

"பாத்தியா? உனக்குப் பதினாலு. எனக்குப் பன்னெண்டுதான்."

"நான் உங்க பேண்ட் தைக்கும்போது இதைவிட அதிகமா இருந்துச்சே? சரி, இளைச்சிருப்பீங்க."

"உடம்பு எடைக்கு இவ்வளவு சதை முயலுக்குக்கூட கிடையாது. மாடி ஏறவே பொறந்த காலு உனக்கு."

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இவ்வளவு சுலபமாக ஜெயித்ததில் காப்பாளருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"ஏங்க, குதிரைக்கு முழங்காலுக்குக் கீழ என்னன்னு சொன்னீங்க?"

"சதையே இல்ல. வெறும் எலும்பும் நாரும். கனம் கம்மி, அதான் அந்த ஓட்டம்." கேட்டால் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது.

"காலு தூண் மாதிரி இருந்தா?"

"அது யானை. ஒரே ஒரு குதி குதிக்கச் சொல்லு பாப்போம், முடி..."

வாய் பாதியிலேயே நின்றது.

"அப்ப நான் யானை. நின்ன எடத்துலயே நிக்கறேன். உங்களுக்குக் குதிரைக் கால். இந்த வயசுலயும் துளி ஊளைச்சதை இல்ல, எத்தனை ஆம்பளைக்கு வாய்க்கும்?"

அங்கேதான் மனிதர் விழுந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் காலை யாரும் புகழ்ந்ததில்லை. கேனை எடுத்தார், இறங்கினார், நிரப்பினார். திரும்ப ஏறும்போது நாக்குத் தள்ளியது. ஆனாலும் உள்ளுக்குள் குஷிதான். கைப்பிடியைக்கூடப் பிடிக்கவில்லை.

இரண்டாவது மாடியில் பல் டாக்டரம்மா கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.

"வாங்க சார். உங்க வீட்டுல இப்பதான் போன்ல சொன்னாங்க. இந்தக் கட்டடத்துலயே குதிரைக் கால் உங்களுக்கு மட்டுந்தானாமே?"

டாக்டரம்மா காலி கேனை நீட்டினார். மூன்றாவது மாடியில் வரிசையாகக் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது.