சர்வர் சித்தரும் வெள்ளிக்கிழமை ராகு காலமும்

உச்சிப்புளியில் லேப்டாப் பையோடு இறங்குபவரிடம் கண்டக்டர் ஒரே கேள்விதான் கேட்பார்: "சித்தர் வீட்டுக்கா?"

ஆமாம், சர்வர் சித்தர் வீட்டுக்குத்தான். படுத்துவிட்ட கம்ப்யூட்டரை மந்திரத்தால் எழுப்புகிறவர் ஆயிற்றே! லேப்டாப்புக்குக் குங்குமம், மோடத்துக்கு மஞ்சள் கயிறு, எலுமிச்சம்பழம் தனி. வரிசையில் முன்னால் நின்றவர்கள் எல்லாம் பி.இ. படித்தவர்கள். படிப்பு அவர்களைத் தடுக்கவில்லை, பாவம்.

ராமநாதபுரத்தில் வீரமணியின் கம்பெனி, மீனவர்களுக்குக் காற்று எச்சரிக்கை சொல்லும் செயலியை நடத்தியது. இரண்டு மாதமாக அது அடிக்கடி படுத்தது. "செவ்வாய்க்கிழமை படுக்கும்" என்றார் சித்தர். படுத்தது. வந்து விபூதி போட்டார். பத்தே நிமிடத்தில் எழுந்தது. வீரமணி நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தார். மறுநாளே உச்சிப்புளிக்குப் பட்டு வேட்டியும் ஒரு ஏசியும் போய்ச் சேர்ந்தன.

கடைசியில் சித்தர் காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டார். "இந்தத் தங்கச்சிமடத்துப் புள்ள இங்கன இருக்குற வரைக்கும் விளங்காது. எதுக்கெடுத்தாலும் கேள்வி கேக்குது. வெள்ளிக்கிழமை ராகு காலத்துல மறுபடி விழும். அதோட இதை அனுப்பிரு."

அந்தப் பிள்ளை ஹெலன். மூன்று வருடமாகச் செயலியைச் சோதிப்பது அவள் வேலை. வீரமணி அவளை நீக்கும் கடிதத்தை டைப் செய்தே வைத்துவிட்டார். ஹெலனுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"விழுந்தா நானே போறேன் சார். அதுக்குள்ள ரெண்டு காரியம் செய்ய விடுங்க. புரோகிராம் கோடுல யாரு எதை மாத்துனாலும் பதிவாகும். ஆனா எல்லா மாத்தத்துலயும் உங்க பேருதான் இருக்கு. ஆளுக்கொரு பேரு குடுக்கணும்."

வீரமணிக்கு மனசு வலித்தது. "நாம எல்லாம் ஒரே குடும்பம்னுதானம்மா ஒரே லாகின் குடுத்தேன்?"

பன்னிரண்டு பேரும் வீரமணியாகவே வேலை பார்த்தார்கள். கெடுத்தவனும் வீரமணி, திருத்தியவனும் வீரமணி. என்ன ஒற்றுமை! கடைசியில் வீரமணி அரைமனதாகத் தலையாட்டினார்.

இரண்டாவது காரியம், இனி எந்த மாற்றமும் தானியங்கிச் சோதனையில் தேறினால்தான் செயலிக்குள் போகும். வியாழக்கிழமை ஆபீஸ் பூஜையில் ஹெலன் இரண்டையும் அறிவித்தாள். எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்; யார் காதிலும் ஏறவில்லை. மாரீஸ்வரன் என்ற புரோகிராமர் மற்றவர்களைவிட இறுக்கமாக மூடியிருந்தான். அன்று மாலையே ஹெலன் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அவரவர் பெயரைப் பதித்தாள்.

வெள்ளி பத்தரை மணி. சித்தர் ஆபீசில் கற்பூரத் தட்டோடு நின்றார். பக்கத்து மொபைல் கடைக்காரர்கள்கூட அதிசயம் பார்க்கக் கூடிவிட்டார்கள். பதினொன்று ஆனது. செயலி ஜம்மென்று ஓடியது. சித்தர் மந்திரத்தைச் சத்தமாக்கினார். எழுப்பும் மந்திரம் தெரிந்தவருக்கு விழவைக்கும் மந்திரம் மறந்துபோயிற்று போலும்.

பன்னிரண்டு மணிக்கு ஹெலன் பெரிய திரையில் பதிவைத் திறந்தாள்.

"மாரீஸ்வரன், 10.31. எச்சரிக்கைப் பகுதி நீக்கம். சோதனையில் தோல்வி. ஏற்கப்படவில்லை."

அதற்கு மேலே அதே மாற்றம் இன்னும் நான்கு தடவை. விடாமுயற்சிக்காரன்! பழைய செவ்வாய்க்கிழமைப் பதிவையும் காட்டினாள். அதே பகுதி காலையில் நீக்கப்பட்டு, விபூதி விழுந்த நேரத்தில் திரும்பச் சேர்க்கப்பட்டிருந்தது. பெயர் மட்டும் வீரமணி.

"ஏலே மாரி, என்னடா இது?" என்றார் வீரமணி.

"மாமாதான் சார் செய்யச் சொன்னாரு..."

"எந்த மாமாலே?"

மாரீஸ்வரன் கற்பூரத் தட்டைப் பார்த்தான். சித்தர், "கலி முத்திப்போச்சு, நான் வாரேன்" என்று செருப்பைத் தேடினார். அது ஒரு மொபைல் கடைக்காரர் கையில் இருந்தது.

"ஏசியக் குடுத்துட்டுச் செருப்ப வாங்கிக்கங்க சாமி."

கூட்டம் சிரித்த சிரிப்பில் கற்பூரம் அணைந்தது. வீரமணி கடிதத்தைக் கிழித்துப்போட்டார். வெட்கத்தில் குரல் இறங்கிவிட்டது.

"இனிமே விழுந்தா யாருகிட்டம்மா போய்க் கேக்குறது?"

"பதிவத் தொறந்து பாருங்க சார். அதுக்கும் மேல உங்களுக்குன்னு ஒரு மூளை இருக்கு. அது ராகு காலத்துலயும் வேலை செய்யும்."