பதினேழாம் எண் இடத்தில் ஒரு சிவப்புக் குட்டை

வண்டிக்கு அடியிலிருந்து எல்வினின் கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

“மார்லிஸ்! சிவப்பா ஒரு குட்டையே நிக்குது. கியர் ஆயில்தான்!”

“நாலு மணிக்குப் பொண்ணுக்குக் கல்யாணம். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகவேண்டிய அப்பா தரையில கிடக்கார். முதல்ல வெளியே வாங்க!”

கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே கொண்ட முப்பதடி வீட்டு வண்டி அது. நேற்று இருட்டிய பிறகுதான் மொன்டானாவின் இந்த முகாமில், பதினேழாம் எண் இடத்தில் வந்து நிறுத்தினார்கள். கல்யாணம் நடக்கும் பில்லிங்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரப் பயணம்.

எல்வின் கியர் ஆயிலின் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார். ஆயில் நிறையவே இருந்தது.

பக்கத்து வண்டி லைல், தூண்டிலும் தொப்பியுமாக வந்து நின்றார். “என்ஜின் ஓடாதப்போ கம்பி பொய் சொல்லும் எல்வின். நிறைஞ்ச மாதிரிதான் காட்டும். ஒழுகினது கண்ணுக்குத் தெரியுதுல்ல? ஊத்துங்க!”

லைல் கொடுத்த இரண்டு புட்டிகளையும் எல்வின் ஊற்றினார். வண்டியைக் கிளப்பிப் பத்தடி நகர்த்தியதும் கியர் வழுக்கியது. அளவுக் கம்பி இருந்த குழாய் வழியாகச் சிவப்பு நுரை பொங்கி, கல்யாணத்துக்கென்று போட்டிருந்த வெள்ளைச் சட்டையில் தெறித்தது.

“ஐயோ, இப்பவே ஏன் அதைப் போட்டீங்க?” என்றார் மார்லிஸ்.

“நேரம் மிச்சமாகட்டும்னு.”

எதிர்வரிசை ஆர்விட் ஸ்பேனரோடு ஓடிவந்தார். “யோவ் லைல், உன்னை யாருய்யா ஊத்தச் சொன்னது? அதிகமாயிடுச்சு. கொஞ்சம் இறக்கணும்.”

கொஞ்சமாக இறக்க அதில் வழியே இல்லை. கியர் பெட்டியின் அடித்தட்டில் நாலு திருகாணிகளைத் தளர்த்தியதும் ஆயில் கொட்டோகொட்டென்று கொட்டியது. உருளைக்கிழங்கு சாலட் கிண்ணம் நிரம்பியது. அடுத்து பாத்திரம் கழுவும் தொட்டி. மீதி தரைக்கு.

இப்போது வண்டி அசையவே மறுத்தது.

விஷயம் முகாம் முழுக்கப் பரவியது. ஆளுக்கொரு புட்டி கொண்டுவந்தார்கள். ஐந்து விதமான ஆயில் உள்ளே போனது. வண்டி முன்கியரில் உறுமியது, பின்கியரில் விம்மியது, நின்ற இடத்திலேயே நின்றது.

மணி பத்து. எல்வின் படியில் உட்கார்ந்துவிட்டார். “நம்ம பொண்ணு காயாவுக்கு என்ன பதில் சொல்றது மார்லிஸ்?”

கடைசி வரிசையிலிருந்து ட்வைலா வந்தார். முப்பது வருஷம் பஸ் பணிமனையில் வேலை பார்த்தவர். அளவுக் கம்பியை உருவி ஒருமுறை முகர்ந்து பார்த்தார்.

“இது கியர் ஆயிலா, கதம்ப சூப்பா? எல்லாத்தையும் வடிங்க. இந்த வண்டிக்குன்னு உள்ள ஆயில்தான் வேணும்.”

மீன்பிடிப்பை விட்டுவிட்டு லைல் நாற்பது மைல் போய் வாங்கிவந்தார். அடித்தட்டை இறுக்கி, ஆயிலை ஊற்றி, என்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றி, ட்வைலா கம்பியைப் பார்த்தார். சரியாகக் கோட்டில் நின்றது. வண்டி வெண்ணெய் மாதிரி நகர்ந்தது.

மணி ஒன்றரை. ஆர்விட் தன் வண்டியிலிருந்து ஒரு புதுச் சட்டையை எடுத்துவந்து எல்வினிடம் நீட்டினார். “இதைப் போட்டா என் தொப்பைதான் தெரியுது. நீங்க போட்டுக்குங்க.” யாரோ மார்லிஸின் மடியில் சூடாகச் சுட்ட ஆப்பிள் பலகாரம் ஒன்றை வைத்தார்கள்.

எல்வின் சட்டையை மாட்டிக்கொண்டார். “நேத்து வரைக்கும் உங்க பேர்கூடத் தெரியாது. இன்னிக்கு என் பொண்ணு கையைப் பிடிச்சு நடக்கப்போறேன்னா அது உங்களாலதான். எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை.”

லைல் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். ட்வைலாவுக்கும் மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது.

காலையிலிருந்து ஊருக்குள் போயிருந்த முகாம் பொறுப்பாளர் நொரீன், வழியனுப்ப அப்போதுதான் வந்தார். எல்வின் குற்ற உணர்வோடு தரையைக் காட்டினார்.

“மன்னிச்சுக்குங்கம்மா. என் வண்டி ஒழுகி உங்க இடத்தையே நாசம் பண்ணிட்டேன்.”

நொரீன் குனிந்து பார்த்தார்.

“உங்க வண்டி எங்கே சார் ஒழுகுச்சு? நேத்து காலி பண்ணிட்டுப் போனவர் கொட்டின ஆயில்தான் இங்க நின்னுச்சு. அவரும் அவருக்கு முந்தி நின்னவர் கொட்டினதைப் பார்த்துப் பயந்துதான் நல்லா இருந்த வண்டியைக் கழட்டினார்!”