முறியாத காலும் பார்க்காத ஏரியும்

பயந்தாங்கொள்ளியாக இருப்பதில் தப்பே இல்லை. அதை மறைக்கப் பொய் சொல்லும்போதுதான் மானம் கப்பலேறுகிறது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று வருடம் பிடித்திருக்கிறது.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் நான் சேஃப்டி ஆபீசர். தினமும் ஷிப்ட் தொடங்குமுன் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, வலது கையை நீட்டச் சொல்லி, பாதுகாப்பு உறுதிமொழி எடுக்க வைப்பேன். (என் பேச்சைக் கேட்பதற்குத் தலையில் அடிபடுவதே தேவலை என்று கேன்டீனில் பேசிக்கொள்வார்கள்.)

ஒரு ஜூலை மாதம் எங்கள் கம்பெனியிலிருந்து நாலு குடும்பமாக வேன் பிடித்து, சிக்மகளூர் பக்கம் ஒரு மலை ஏரிக்குப் போனோம். அது என் மனைவி ஸ்டெல்லாவின் ஆசை. கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே பயணம். (வேளாங்கண்ணி சேராது, அது வேண்டுதல்.)

அடிவாரத்தில் நல்ல குளிர், விடாத சாரல். வழிகாட்டி சந்திரண்ணா என் காலைப் பார்த்தார். நான் போட்டிருந்தது முனையில் இரும்பு வைத்த கம்பெனி ஷூ.

"ஈ ஷூ பேடா சார், ஜாருத்தே," என்றார். வழுக்குமாம்.

"மெஷினே விழுந்தாலும் விரலுக்கு ஒண்ணும் ஆகாது இதுல," என்றேன். மலையில் எவன் என் காலில் மெஷினைப் போடப் போகிறான் என்று எனக்குத் தோன்றவில்லை.

வழி தெரிந்தவர் தான் ஒருவரே என்பதால், யாருக்காவது அடிபட்டால் எல்லோரும் திரும்பிவிட வேண்டும் என்றார் அவர். சபாஷ், நல்ல விதி என்று பாராட்டினேன். அதோடு விட்டேனா? அத்தனை பேரையும் மழையில் நிறுத்தி உறுதிமொழி எடுக்க வைத்தேன். பாவம், சந்திரண்ணாவும் கையை நீட்டினார்.

இரண்டு மணி நேரம் ஏறியதில் ஷூவுக்குள் தண்ணீர் புகுந்து, ஒவ்வொரு காலும் ஒரு குடம் கனத்தது. ஓரிடத்தில் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தேன். அடி ஒன்றும் இல்லை. ஆனால் எதிரே செங்குத்தாக ஒரு மேடு. மூச்சு வாங்கியது, பயமாகவும் இருந்தது. 'முடியல' என்று சொல்ல வாய் வரவில்லை. 'கால் ஒடிஞ்சிருச்சு' என்று வந்துவிட்டது.

"ஏங்க, நெசமாவா? ஏரி அந்த மேட்டுக்கு அந்தாண்டதானாம்," என்றாள் ஸ்டெல்லா.

"எலும்பு சத்தம் எனக்கே கேட்டுச்சு," என்றேன். (பாவி.)

அவள் ஒருமுறை அந்த மேட்டைப் பார்த்தாள். பிறகு குனிந்து என் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இரண்டு கம்பு வெட்டி, போர்வை கட்டி, நாலு பேர் என்னைத் தூக்கினார்கள். நான் எண்பத்தெட்டுக் கிலோ. படுத்த வாக்கிலேயே, "முதுக வளைக்காம தூக்குங்கப்பா," என்று பாடம் வேறு நடத்தினேன்.

வேன் கண்ணுக்குத் தெரிந்த நேரம், பேன்ட்டுக்குள் முழங்காலுக்கு மேலே ஜில்லென்று ஏதோ ஊர்ந்தது. அட்டை! போர்வையிலிருந்து குதித்து, இரண்டு காலையும் மாற்றி மாற்றி உதறிக்கொண்டு வேன் வரைக்கும் ஓடினேன். திரும்பிப் பார்த்தால் நாலு பேரும் காலிப் போர்வையைப் பிடித்தபடி நிற்கிறார்கள்.

சந்திரண்ணா வந்து அட்டையை எடுத்துப் போட்டார். "காலு சரி ஹோய்த்து சார்," என்றார், நிஜமான நிம்மதியோடு. கால் சரியாகிவிட்டதாம். அவர் கிண்டல் செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பெங்களூர் தாண்டியதும் ஸ்டெல்லா மெதுவாகச் சொன்னாள்: "முடியலன்னு சொல்லியிருந்தா, கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போயிருப்பேன்ல."

 

மறுவருடம் அவள் தன் தங்கை குடும்பத்தையும் எங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு போய் அந்த ஏரியைப் பார்த்துவிட்டு வந்தாள். என்னைக் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. ஏரிக்கரையில் எடுத்த போட்டோ ஹாலில் மாட்டியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள், "சார் எங்க காணோம்?" என்று தவறாமல் கேட்கிறார்கள்.

மகள் தவறாமல் பதில் சொல்கிறாள். "எல்லார் கையும் சும்மா இருக்கு பாருங்க ஆன்ட்டி. அப்பா வந்திருந்தா அவரத் தூக்கிட்டில்ல நின்னிருப்பாங்க."

நான் காபி போடுகிற சாக்கில் சமையலறைக்குள் போய்விடுவேன்.