அத்தான் அந்தக் குமிழைத் திருப்பக் கூடாது

அன்புள்ள அக்கா எபிஃபானியாவுக்கு,

லீபாவிலிருந்து தம்பி செவெரினோ, நம் வழக்கப்படி மரியாதையாக உன் வலக்கையை எடுத்து என் நெற்றியில் ஒற்றிக்கொண்டு எழுதுவது. இங்கே என் பெண்டாட்டி டெலியாவும் கோழிகளும் நலம். அங்கே எல்லோரும் நலம்தானே என்று கேட்கவே பயமாக இருக்கிறது. முதலில் அத்தானிடமிருந்து நான் செய்து அனுப்பிய மின்சிகரெட் பெட்டியைப் பிடுங்கி வை. அப்புறம் உட்கார்ந்து படி.

இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன், வழியில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நான் பழுதுபார்த்த மின்விசிறி உன் திரைச்சீலையைத் தின்ற நாள் முதல் என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய்; அத்தானுக்கோ தனி போன் கிடையாது. அதனால்தான் உங்கள் ஊர் நாகாவுக்கு வரும் பஸ்ஸின் கண்டக்டர் கையில் இந்தக் கடிதம்.

"இன்னொரு பாக்கெட் பிடிச்சா என்கிட்ட வராதீங்க, பாதிரியார்கிட்ட போங்க" என்று அத்தானிடம் டாக்டர் சொன்னதாக அந்தக் கிறிஸ்துமஸில் நீ அழுதாயே, அதைத் தாங்காமல்தான் இந்த வேலையில் இறங்கினேன். ஒரு தகரப் பெட்டி, பழைய லேப்டாப் பேட்டரி, வோல்ட்டைக் கூட்டிக் குறைக்க, மூடியில் அளவு எழுதிய ஒரு குமிழ். இடப்பக்கம் மூன்றரை வோல்ட், இதமான புகை. வலப்பக்கம் ஆறு, அது வாலிபர்களுக்கு. அத்தானுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று ஒரே மாதிரி இரண்டு செய்து, கோயிலில் தீர்த்தம் தெளித்து ஆசீர்வாதமும் வாங்கினேன். தீர்த்தம் காயவே ஒரு நாள் ஆயிற்று.

நேற்றுக் காலைதான் என் பெட்டியை முதன்முதலாக எடுத்து ஒரு இழுப்பு இழுத்தேன். காந்தியது. குறைப்போம் என்று இடப்பக்கம் திருப்பினேன். இன்னும் காந்தியது, இன்னும் குறைத்தேன். பெட்டிக்குள் இருந்த பஞ்சு கருகி, தொண்டை வெந்து, பாதி மீசை போய், கண்ணில் தண்ணீர் கொட்ட, இருமிக்கொண்டே நான் இன்னும் இடப்பக்கம்தான் திருப்புகிறேன். டெலியா கருவாடு பொரித்துக்கொண்டிருந்ததால் தெருவில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கடைசியில் பெட்டியைக் கோழிகளின் தண்ணீர்த் தொட்டியில் வீசினேன்.

"ஏங்க, மூடியைக் கவுத்துப் போட்டுத்தானே கம்பியைப் பத்தவச்சீங்க?" என்றாள் டெலியா. "நிமித்தினா எழுத்து மேல்பக்கம், கம்பி அடிப்பக்கம். இடது வலதாகாம என்ன செய்யும்?"

அக்கா, இரண்டையும் ஒரே மேஜையில், ஒரே கவிழ்ப்பில்தான் செய்தேன். அத்தான் முரடராக இருந்தால் கவலையில்லை, வலப்பக்கம் திருப்பிப் பிழைத்துக்கொள்வார். அவரோ பயந்த மனுஷன். குறைச்சுக் குறைச்சே ஆறு வோல்ட்டுக்குப் போய்விடுவார். அந்த நெஞ்சு தாங்குமா? அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் உன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? பிடுங்கிவிட்டாயா? பிடுங்கியதும் பேட்டரியைக் கழற்றி வை.

குழந்தை இயேசு உங்கள் வீட்டு வாசலை விட்டு நகராமல் காக்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
அரை மீசையோடு உன் தம்பி,
செவெரினோ

பி.கு.: உறையை ஒட்டும்போது முடிவெட்டும் கடை போனிலிருந்து அத்தானே கூப்பிட்டார்.

"அத்தான், குமிழைத் திருப்பினீங்களா?"

"குமிழா? நான் இன்னும் ஸ்விட்சையே தொடலடா. நீ செஞ்சதை ஆன் பண்ண எனக்கென்ன பைத்தியமா? கை துறுதுறுங்குறப்ப சும்மா வாயில வச்சு உறிஞ்சுக்குவேன். சிகரெட்டைத் தொட்டுப் பத்தொன்பது நாளாச்சு."

"அனுப்பி வைங்க, சரிபண்ணித் தர்றேன்."

"வேண்டாம்டா, கும்பிடுறேன். நீ சரிபண்ணிட்டேன்னு தெரிஞ்சா ஆன் பண்ணிப் புகைச்சுருவேன்."

ஆகவே மேலே எழுதிய எதையும் செய்யாதே, பெட்டியை அவரிடமே கொடுத்துவிடு. இத்தனை வருஷத்தில் உன் வீட்டுக்கு நான் செய்து கொடுத்த சாமான்களில் உருப்படியாக வேலை செய்வது இது ஒன்றுதான், அக்கா.